நம்பும்படியாக இல்லாத பிரேக்

"இது நம்ம வண்டியே இல்லன்னு சொல்லுது" என்றான் மெக்கானிக் ஸ்கேன்.

பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, திரையில் வந்த எழுத்துகளை உதடு அசைத்துப் படித்துக்கொண்டிருந்தான். லேப்டாப்பிலிருந்து ஒரு வயர் முன்சீட்டைத் தாண்டி ஸ்டியரிங்குக்கு அடியில் போய்ச் சொருகியிருந்தது.

முன்னால் இருந்த மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"என்னப்பா பேசுற? ஊர்ல பாதிப் பேருக்கு இந்த வண்டியிலதான் கத்துக்குடுத்தேன். என் வண்டி எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் மாஸ்டர். இந்த மாட்யூலுக்குத் தெரியல. அது இன்னும் பொறந்த வீட்டு நெனப்புலயே இருக்கு."

ஓட்டுநர் சீட்டில் இருந்த ஸ்கேனின் மனைவி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள். "நானும் வந்த புதுசுல அப்படித்தான் இருந்தேன். போகப் போகச் சரியாயிடல?"

"உனக்கு ஒரு மாசம் ஆச்சு. இதுக்கு மத்தியானத்துக்குள்ள சரியாகணும்."

விஷயம் இதுதான். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கூரையில் பலகை மாட்டிய அந்த வெள்ளைக் கார்தான் பள்ளிக்கூடம், அவர்தான் வாத்தியார், அவர்தான் ஹெட்மாஸ்டர். கொஞ்ச நாளாக அந்தக் காரில் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டியை அணைத்துக் கிளப்பினால் விளக்கு போய்விடும், நாலு தெரு போவதற்குள் மறுபடி வந்துவிடும். ஸ்கேன் வயரைச் சொருகிப் பார்த்தான். பிரேக் மாட்யூல் போச்சு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். சக்கரம் வழுக்கும்போது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்க வைக்கிற கறுப்புப் பெட்டி அது. இதே மாதிரி இன்னொரு காரை உடைத்துப் போட்ட இடத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. பொருத்தியாயிற்று, பிரேக் ஆயில் ஊற்றிக் குழாயில் இருந்த காற்றையும் எடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது கோடிங் மட்டும்.

கோடிங் என்றால், வேறு வீட்டில் வேலை பார்த்த ஆளுக்கு இந்த வீட்டு விவரம் சொல்லிக்கொடுப்பது. வண்டியின் எண் இது, எஞ்சின் இந்த வகை, டயர் இந்த அளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிறவரை சாவி போட்டபடி இருக்க வேண்டும். கதவைத் திறக்கக் கூடாது. பேட்டரி இறங்கக் கூடாது. நடுவில் யாரும் எதையும் தொடக் கூடாது.

ஸ்கேனுக்கு வீட்டில் வைத்த பேர் வேறு. முதலாளி இந்த மெஷினை வாங்கிப்போட்ட நாளிலிருந்து அந்தப் பேர் பட்டறைக்குள் செத்துப்போனது. முன்பெல்லாம் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து எஞ்சினோடு பேசுகிற ஆள்தான் அவனும். இப்போது வண்டி வந்தால் பானெட்டைக்கூடத் தூக்குவதில்லை, வயரைச் சொருகிவிட்டுத் திரையைப் பார்க்கிறான். பக்கத்துக் கொட்டகை பெயிண்டர்தான் அவனுக்கு ஸ்கேன் என்று பேர் வைத்தார். அது நிலைத்துவிட்டது. அவன் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவளுக்கு இன்று மத்தியானம் டெஸ்ட்.

பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு. காலையில் நிற்க ஆரம்பித்தால் சாயந்திரம்தான் முட்டி மடங்கும். வீட்டுக்கு வந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்து, கால் தன்னுடையதுதானா என்று தடவி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வாள். அந்தக் கம்பெனியில் டெலிவரி வேனுக்கு ஆள் தேவைப்பட்டது. "இன்னிக்கு லைசென்ஸ் டெஸ்ட்ல பாஸாயிக் காட்டினா வேன் உனக்கு. இல்லன்னா நாளைக்கு வேற ஆளப் போட்டுடுவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லைங்க" என்று அவள் ஸ்கேனிடம் சொல்லியிருந்தாள். "உக்காந்து வேலை பாக்கணும். அவ்வளவுதான்."

இதற்கு முன் மூன்று முறை டெஸ்டுக்குப் போய்வந்தாகிவிட்டது. மூன்று முறையும் ஒரே இடத்தில் மண்ணைக் கவ்வினாள். வெள்ளைக் கோட்டில் நிறுத்தச் சொன்னால் வண்டி கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

"மாஸ்டர் பக்கத்துல இருக்கறப்ப, தூங்குற கொழந்தையத் தொடுற மாதிரி தொட்டாலே நிக்குதுங்க. நான் நெனைக்கறதுக்கு முன்னாடியே மிதி உள்ள போவுது. டெஸ்ட்லயும் அதே மாதிரிதான் தொடுறேன். நிக்க மாட்டேங்குது."

மாஸ்டரும் அதற்குச் சாட்சி சொன்னார். "நான் இருக்கறப்ப ஒருநாளும் கோட்டைத் தாண்டினதில்ல தம்பி. உன் வீட்டம்மா மட்டும் இல்ல, என்கிட்ட படிக்கிற எல்லாருக்கும் இதே கதைதான். வண்டிக்கு ஆளப் பாத்து வேலை செய்யுற புத்தி வந்துடுச்சு."

"எலக்ட்ரிகல் கோளாறு மாஸ்டர்" என்றான் ஸ்கேன். "வந்து வந்து போகும். மாட்யூலை மாத்திடலாம்."

இப்படித்தான் மூவரும் காலையிலேயே அந்தக் காருக்குள் அடைந்து கிடந்தார்கள்.

"மாஸ்டர், நீங்க எறங்கி அந்த ஸ்டூல்ல உக்காரலாம்ல?" என்று ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தான் ஸ்கேன்.

"எனக்கு இந்த சீட்டுதான் சரிப்படும். வீட்டுச் சோபால உக்காந்தாக்கூட முதுகு வலிக்குது."

வண்டி எண்ணைத் தட்டினான். திரையில் பச்சைக் கோடு ஒன்று நத்தை மாதிரி நகர ஆரம்பித்தது. "யாரும் அசையாதீங்க" என்றான். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே வெக்கை ஏறியது. மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார், துடைக்க வேறு இடம் இல்லாமல் டேஷ்போர்டைத் துடைத்தார். பச்சைக் கோடு முக்கால்வாசி வந்திருந்தது. மாஸ்டர், யார் கண்ணிலும் படாத மாதிரி, கதவிலிருந்த பொத்தானை ஒரு விரலால் அமுக்கினார். கண்ணாடி இறங்கியது.

பச்சைக் கோடு நின்றது. பிறகு சிவப்பானது.

"யார் எதைத் தொட்டீங்க?"

"காத்து" என்றார் மாஸ்டர்.

டேஷ்போர்டில் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன. இப்படி ஒரு விளக்கு இருக்கிறது என்று மாஸ்டருக்கே தெரியாத விளக்கெல்லாம் எரிந்தது.

"முன்னாடி ஒரு விளக்குதான் எரிஞ்சுது" என்றாள் மனைவி.

"இப்ப அதுக்குத் தான் எந்த வீட்டுல இருக்கோம்னே தெரியல. பழைய வீடும் மறந்துடுச்சு, புது வீடும் சொல்லி முடிக்கல."

"ஐயோ பாவம்" என்றாள் அவள், நிஜமாகவே.

இரண்டாம் முறை ஆரம்பித்தான். இந்தத் தடவை மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. மெஷின் வரிசையாகக் கேள்வி கேட்டது. எஞ்சின், கியர், டயர் என்று ஸ்கேன் பதில் தட்டிக்கொண்டே வந்தான்.

"பாரம் எவ்வளவுன்னு கேக்குது. சாதாரணமா, அதிகமா?"

"அதிகம் போடு" என்றார் மாஸ்டர். "கத்துக்க வர்றவங்க பயமே தனியா ஒரு மூட்டை எடை இருக்கும்."

ஸ்கேன் யோசித்தான். மாஸ்டரையும் பார்த்தான். அதிகம் என்றே போட்டான்.

பச்சைக் கோடு கடைசிவரை வந்து சேர்ந்தது. விளக்கெல்லாம் அணைந்தன. ஸ்கேனுக்கு மூச்சு வந்தது. "எடு வண்டியை. ஒரு ரவுண்டு போய்ப் பாத்துடலாம்."

அவள் கிளப்பினாள். பட்டறை வாசல்வரை கார் ஒழுங்காக உருண்டது. வாசலில், நீலப் பெயிண்ட் அடித்து இன்னும் காயாத கார்க் கதவு ஒன்றை மார்போடு அணைக்காமல் இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு பெயிண்டர் எதிரே வந்தார். அவள் நிறுத்தினாள். பிரேக் பிடித்தவுடன் நாலு பக்க இண்டிகேட்டரும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. பாரம் அதிகமுள்ள வண்டி இல்லையா, நின்றாலே ஊருக்குச் சொல்லிவிடும்போல.

"போம்மா போ, அவரு ஒதுங்கிப்பாரு" என்றான் ஸ்கேன்.

அவள் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தாள். எஞ்சின் உறுமியது. வண்டி அசையவில்லை.

"ஏன்டா ஸ்கேன்" என்றார் பெயிண்டர். "வாசலை அடைச்சுக்கிட்டு என்ன கண்காட்சி?"

"பிரேக் பிடிச்சுக்கிச்சுண்ணே."

"பிடிக்கிறதுக்குத்தானே பிரேக்கு."

"விட மாட்டேங்குது."

"குனிஞ்சு கீழ பார்றா."

"இது சாஃப்ட்வேர்ண்ணே. குனிஞ்சா தெரியாது."

"குனிஞ்சாத் தெரியாதுன்னு குனியாமலே எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்கேன் லேப்டாப்பைத் திறந்தான். மாஸ்டர் சீட்டில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கண் அந்த ஈரப் பெயிண்ட்டிலேயே நின்றது. "மெதுவாம்மா, மெதுவா. ஒட்டிச்சுன்னா போச்சு. இதுவரைக்கும் என் வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல."

"மெதுவாவும் போகல மாஸ்டர், வேகமாவும் போகல."

"இருங்க, நானே அவரைத் தள்ளி நிக்கச் சொல்றேன்" என்று மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார். அதே நேரம் ஸ்கேன் பாரத்தை அதிகத்திலிருந்து சாதாரணத்துக்கு மாற்றிப் பொத்தானைத் தட்டினான். கட்டை அவிழ்த்துவிட்ட காளை மாதிரி கார் முன்னால் பாய்ந்தது. பெயிண்டர் ஒரு பக்கம் குதித்தார். மாஸ்டர் இன்னொரு பக்கம் திரும்பினார். காரில் கீறல் விழவில்லை. மாஸ்டரின் வெள்ளைச் சட்டை முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை ஒரு நீலப் பட்டை விழுந்தது.

"பாத்தியா" என்றான் ஸ்கேன் மனைவியிடம். "ஒரே தட்டு. விட்டுடுச்சு."

"என் கதவு போச்சேடா" என்றார் பெயிண்டர். அந்தக் கதவில் மாஸ்டருடைய சட்டையின் நெசவு அப்படியே பதிந்திருந்தது.

மாஸ்டர் முதுகைப் பார்க்க முயன்று, கழுத்து எட்டாமல், ஒரு சுற்றுச் சுற்றிவந்து தன் சீட்டிலேயே மறுபடி ஏறி உட்கார்ந்தார். "சீட்ல ஒட்டுமா தம்பி?"

"ஒட்டினா ஒட்டட்டும் மாஸ்டர். போலாம்."

பட்டறைக்குப் பின்னால் நேரான சந்து ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் சாக்கடை. அவள் ஓட்டினாள். பந்து ஒன்று உருண்டு வந்தது, அவள் பிரேக்கைத் தொட்டாள், வண்டி பூப் போல நின்றது. நாய் ஒன்று குறுக்கே வந்து நடுவில் உட்கார்ந்து சொறிந்துகொண்டது, அதற்கும் நின்றது. "அருமை" என்றார் மாஸ்டர். "சொல்லிக்குடுத்த மாதிரியே நிக்குது."

அப்போது டேஷ்போர்டில் அந்தப் பழைய விளக்கு எரிந்தது.

ஸ்கேன் வயரைச் சொருகிப் படித்தான். முகம் சுண்டிப்போனது.

"என்னங்க சொல்லுது?"

"பிரேக்குலேர்ந்து வர்ற தகவல் நம்பும்படியா இல்லையாம்."

"யாரை நம்பலையாம்? என்னையா?"

"பொதுவாச் சொல்லுது."

"பொதுவான்னா? வண்டியில இருக்கறது நாம மூணு பேரு."

"மெஷினு ஆளப் பேர் சொல்லிக் குத்தம் சொல்லாதும்மா" என்றார் மாஸ்டர் பெருந்தன்மையாக. "தம்பி, அழிச்சுட்டு இன்னொரு தடவை பாரு."

அழித்தான். சந்தின் கோடிவரை போனார்கள். மறுபடி வந்தது. ஸ்டியரிங் நேராக இருப்பதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தான், வந்தது. நாலு சக்கரத்திலும் சென்சாரைச் சோதித்தான், நாலும் தங்கம், அப்போதும் வந்தது. கடைசியில் கோடிங் முழுவதையும் அழித்து முதலிலிருந்து எழுதினான். விளக்கு இந்தத் தடவை சந்து முனைக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

ஸ்கேன் இதுவரை எத்தனையோ வண்டியைப் பார்த்திருக்கிறான். தப்பானால் திரும்பக் கழற்றலாம், முதலாளியின் திட்டை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடலாம். இன்றைக்கு அப்படி முடியாது. கண்ணாடியில் மனைவியின் கண் தெரிந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செருப்புக்குள்ளே விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசற்படியில் செய்வது போலவே.

"வேற வண்டில டெஸ்ட் குடுக்க முடியாதா மாஸ்டர்?"

"பதிஞ்சது இந்த வண்டி பேர்லதான் தம்பி. நேரமாச்சு. கிளம்பணும்."

ஸ்கேன் லேப்டாப்பை மூடினான். மூடிய பிறகு என்ன செய்வது என்று கைக்குத் தெரியவில்லை. முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டி, மனைவியின் காதருகே சொன்னான்:

"இதோ பாரு. இந்தப் பெட்டி அரைகுறையாத்தான் நிக்குது. அதை நம்பாத. அதுக்குக் கீழ சாதாப் பிரேக்கு இருக்கு, அது நல்லா இருக்கு, நானே காத்தெடுத்தேன். ஆனா அது தொட்டா நிக்காது. முழுக் காலையும் வெச்சு மிதிக்கணும். கோடு தூரத்துல தெரியறப்பவே மிதிக்க ஆரம்பி. மிதிச்சுட்டேன்னு தோணினா இன்னும் மிதி."

"எவ்வளவு மிதிக்கறது?"

"நேத்து ராத்திரி நான் பொரியல்ல உப்பே இல்லன்னு சொன்னப்ப என் மேல எவ்வளவு கோவம் வந்துச்சு?"

"வந்துச்சு."

"அவ்வளவு மிதி."

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு.

டெஸ்ட் மைதானம்வரை அவள்தான் ஓட்டினாள். வழி நெடுக விளக்கு எரிந்தது. ஸ்கேன் அதைப் பார்க்காமலிருக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கடைகள் போயின, ஒரு பள்ளிக்கூடம் போனது, மாஸ்டர் "அப்படித்தான், அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். அவர் சிரித்துப் பார்த்ததாக அந்த மைதானத்தில் ஒருவரும் சொன்னதில்லை. மாஸ்டரின் முதுகில் இருந்த நீலப் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஏதோ கேட்க வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

மாஸ்டர் இறங்கினார். அதிகாரி அந்தச் சீட்டில் ஏறிக் காலை இழுத்து வைத்துக்கொண்டார். ஸ்கேன் மனைவி வண்டியை அணைத்துக் கிளப்பினாள். விளக்கு போயிருந்தது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள், பிறகு முன்னால் பார்த்தாள்.

கம்பி வேலிக்கு வெளியே ஸ்கேனும் மாஸ்டரும் நின்றார்கள். ஸ்கேன் லேப்டாப்பை மார்போடு கட்டிப் பிடித்திருந்தான்.

வளைவு வந்தது. திரும்பினாள். மேடு வந்தது. ஏறினாள், பின்னால் உருளவில்லை. மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தரையை அழுத்தினார். செருப்புக்கடியில் மண் சின்னக் குழியாகிவிட்டது.

"பதறாதீங்க மாஸ்டர்" என்றான் ஸ்கேன், தன் குரல் நடுங்குவது கேட்காதவன் போல.

வெள்ளைக் கோடு வந்தது.

மாஸ்டர் முழு உடம்பையும் காலில் இறக்கினார். ஸ்கேன் கண்ணை மூடிக்கொண்டான். டயர் தரையைத் தேய்க்கிற சத்தம் ஒன்று கேட்டது, பிறகு சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது கார் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. உள்ளே அதிகாரியின் மூக்குக் கண்ணாடி கயிற்றோடு பறந்துபோய் டேஷ்போர்டில் கிடந்தது. அவர் அதைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். அவள் கதவைத் திறந்து இறங்கினாள். நடந்து வந்தவள் பாதியிலேயே ஓடி வந்தாள். அந்தக் காலோடு அவள் ஓடி ஸ்கேன் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று.

"உக்காந்து வேலை பாக்கப் போறேங்க" என்றாள். காகிதத்தை அவன் லேப்டாப்பின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவனையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"கடைசியா எழுதின கோடிங் உக்காந்துடுச்சு" என்றான் ஸ்கேன். கண்ணில் நீர் முட்டினாலும் இதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. "விளக்கும் போச்சு, கோட்டுலயும் நின்னுச்சு. பாத்தீங்கல்ல மாஸ்டர்?"

"கோடிங்கா?" என்றார் மாஸ்டர். "எத்தனை மாசமாப் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்திருக்கேன். அது ட்ரெய்னிங் தம்பி."

"ட்ரெய்னிங் இருந்துச்சுன்னா முன்னாடி மூணு தடவையும் எங்க போச்சு?"

"அப்ப உன் மாட்யூலு ரிப்பேரு."

"அதைத்தான் நானும் சொல்றேன். மாட்யூலை மாத்தி, கோடிங் பண்ணதாலதான்."

"இப்ப சண்டை போடாதீங்க ரெண்டு பேரும்" என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும் நான் வேன்ல பிஸ்கட் கொண்டாந்து குடுக்கறேன்."

அதிகாரி கயிற்றைக் கழுத்தில் சரிசெய்துகொண்டே வேலிப் பக்கம் வந்தார். ஸ்கேனுக்கு நடுநிலையான ஆள் ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

"சார், இந்த வண்டி பிரேக்கை மெஷினு நம்ப மாட்டேன்னுச்சு, நான்தான் மாட்யூல் மாத்தி கோடிங் போட்டேன். மாஸ்டர் தன்னோட ட்ரெய்னிங்தான்னு சொல்றாரு. நீங்களே சொல்லுங்க சார், இன்னிக்கு அந்தக் கோட்டுல வண்டிய நிறுத்தினது எது?"

அதிகாரி ஸ்கேனையும் பார்த்தார், லேப்டாப்பையும் பார்த்தார், மாஸ்டர் காலுக்கடியில் இருந்த குழியையும் பார்த்தார். அந்த மைதானத்தில் முதல் தடவையாக லேசாகச் சிரித்தார்.

"பாடம் நடக்கறப்பல்லாம் அந்தப் பக்கத்து சீட்ல கால் வெக்கற எடத்துல இருக்கற ரெண்டாவது பிரேக்கை இவரு விடாம மிதிச்சுக்கிட்டே இருக்காரு, அப்புறம் எந்த மெஷினு நம்பும், இவ்வளவு நாளும் வண்டிய நிறுத்தினது இவரு காலுங்க, உங்க வீட்டம்மா பிரேக்கை மிதிச்சதே இன்னிக்குத்தான்."